முதல் கிட்டார்: 8,000 ரூபாய்க்குள் எதைப் பார்த்து வாங்குவது?

மஞ்சக்குப்பம் செல்வி:
வணக்கம். ஞாயிறுதோறும் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறேன். கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த தம்பி வேலை கிடைத்து ஓசூர் போய்விட்டான். அந்த இடத்தில் நானே உட்கார்ந்தால் என்ன என்று ஆசை வந்துவிட்டது. இதுவரை எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லை. வயது 34, சற்றுக் குள்ளம், விரல்களும் சிறியவை. இங்கே கடலூரில் ஒரு கடையில் பை, தோள்வார், பிக் எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய்க்கு நீல நிறக் கிட்டார் ஒன்றைக் காட்டினார்கள். சென்னையில் இருக்கும் சித்தி மகள், நைலான் தந்தி போட்டதை வாங்கு, விரல் வலிக்காது என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

லாஸ்பேட்டை வாத்தியார்:
சகோதரி, நிறத்தையும் பிராண்டையும் ஓரமாக வையுங்கள். தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி. என்னிடம் கற்க வந்து பாதியில் நின்றவர்களில் பெரும்பாலோர் சோம்பலால் நிற்கவில்லை. அவர்கள் கையில் இருந்த கிட்டாரில் தந்தியை அழுத்தவே முடியவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

கடைக்குப் போகும்போது பிள்ளைகளின் ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து ஒரு ஸ்கேலை எடுத்துச் செல்லுங்கள். எஃகுத் தந்திக் கிட்டாரில் 12ஆவது ஃப்ரெட்டின் (கழுத்தில் குறுக்காகப் பதித்திருக்கும் உலோகக் கம்பி) மேல்விளிம்புக்கும் தடித்த தந்தியின் அடிப்பக்கத்துக்கும் நடுவே இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. நான்கு, ஐந்து என்று இருந்தால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அடுத்து, அதே 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் தொட்டபடி மீட்டி, உடனே விரலை எடுங்கள். மெல்லிய ஒலி ஒன்று வரும். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் சேர வேண்டும். பாடுகிறவர் நீங்கள், பிசகு இருந்தால் உங்கள் காதே சொல்லிவிடும்.

ஒவ்வொரு தந்தியையும் எல்லா ஃப்ரெட்டிலும் அழுத்தி மீட்டிப் பாருங்கள், எங்கும் கரகரக்கக் கூடாது. கழுத்தின் ஓரமாக உள்ளங்கையை ஓட்டினால் ஃப்ரெட் முனைகள் கீறக் கூடாது. கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்கிற உலோகத் தண்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள். கழுத்து வளைந்தால் அதைத் திருகித்தான் சரிசெய்ய முடியும். மலிவான கிட்டார்கள் பலவற்றில் அது இருப்பதில்லை.

உங்கள் உயரத்துக்கு டிரெட்நாட் என்கிற பெரிய உடல் வேண்டாம். தோள் தூக்கிக்கொள்ளும். அதைவிடச் சிறிய கான்சர்ட் அளவு பாருங்கள்.

முத்தியால்பேட்டை ராகம்:
வாத்தியார் ஐயா, நைலானை ஏன் ஒதுக்குகிறீர்கள்? என் மகள் அதில்தான் கற்றாள். விரல் நுனி கன்றிப்போய் அழவேண்டிய நிலையே வரவில்லை.

லாஸ்பேட்டை வாத்தியார்:
ஒதுக்கவில்லை ஐயா. விரல்களால் தனித்தனியாக மீட்டி வாசிக்க அதைப்போல் சுகம் வேறில்லை. ஆனால் நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டாரின் கழுத்து, தலைப்பக்கம் தந்திகள் படியும் நட் அருகே 52 மில்லிமீட்டர் அகலம். எஃகுத் தந்திக் கிட்டாரில் ஏறக்குறைய 43தான். சிறிய விரல்களுக்கு அந்த ஒன்பது மில்லிமீட்டர் பெரிய தூரம். பாடகர் குழுவின் குரல்களுக்கு நடுவே எல்லாத் தந்திகளையும் சேர்த்து ஸ்ட்ரம் செய்யும்போது எஃகின் ஒலிதான் எடுபடும். விரல் வலிக்கு வழி இருக்கிறது. முதலில் வந்த தந்திகளைக் கழற்றிவிட்டு 10 கேஜ் (தடிமன் அளவு) மெல்லிய தந்திகளை மாட்டச் சொல்லுங்கள். சில வாரங்களில் விரல் நுனி காய்த்துவிடும். ஒன்று மட்டும், நைலான் கிட்டாரை வாங்கிவிட்டு அதில் எஃகுத் தந்தி மாட்டிவிடாதீர்கள். இழுவிசை தாங்காமல், தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

துறைமுகத்தான்:
செல்வி அக்கா, நான் கடலூர் ஓ.டி. (முதுநகர்). நம் ஊர்க் காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! கிட்டார் மரத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் உகந்தது. ஐப்பசி, கார்த்திகையில் நம் வீட்டுச் சுவரே வியர்க்கிறது. மரம் ஈரத்தைக் குடித்து முகப்பலகை உப்பினால் தந்தியும் கூடவே உயரும். அதனால் முதல் கிட்டாருக்கு முழுமரப் பலகையைவிட ஒட்டுப்பலகையே இந்தக் கரைக்குத் தோது. வாசித்து முடித்ததும் ஒவ்வொரு தந்தியையும் உலர்ந்த பருத்தித் துணியால் அடிப்பக்கம்வரை துடையுங்கள், உப்புக்காற்றில் துரு சீக்கிரம் ஏறும். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் விடவே வேண்டாம், பசை இளகிவிடும்.

மஞ்சக்குப்பம் செல்வி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை ஸ்கேலோடு அதே கடைக்குப் போனேன். நீலக் கிட்டாரில் ஐந்து மில்லிமீட்டர் இருந்தது! வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆரோவில்லில் ஊர் திரும்பும் ஒருவர் பழைய கான்சர்ட் கிட்டாரை 6,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

லாஸ்பேட்டை வாத்தியார்:
தாராளமாக, ஆனால் பார்த்து. பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். நுழைந்தால் ஒட்டு விட்டிருக்கிறது, வேண்டாம். பக்கவாட்டில் பார்த்து முகப்பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் மேடு தட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டும் நன்றாக இருந்தால் 6,000 கொடுக்கலாம். மீதியில் புதுத் தந்தியும் சுருதி சேர்க்க ஒரு கிளிப் டியூனரும் வாங்கிவிடுங்கள்.