பிரீஎக்லாம்சியா அடுத்த கர்ப்பத்திலும் திரும்புமா?

கேள்வி (செந்தூல், கோலாலம்பூர்):
மூத்த பிள்ளையின்போது 33ஆம் வாரத்தில் இரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதமும் தென்பட்டதால், பிரீஎக்லாம்சியா என்று கூறி அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். இப்போது பத்து வாரக் கர்ப்பிணியாக இருக்கும் எனக்கு அது மீண்டும் வருமோ என்ற அச்சம் நீங்கவில்லை.

பதில் 1 (பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற தாதி):
தங்கச்சி, உங்கள் அச்சம் நியாயமானது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி, பொதுவாக ஆறில் ஒருவர் வரை இது திரும்பலாம் என்றும், 28 முதல் 34 வாரத்திற்குள் பிரசவித்தவர்களில் மூவரில் ஒருவருக்குத் திரும்பலாம் என்றும் கூறுகிறது. அதாவது, உங்களைப் போன்றோரில் பெரும்பாலோருக்கு வருவதில்லை. ஆனாலும் காத்திருக்காதீர்கள், குறைந்த அளவு ஆஸ்பிரினை 12ஆம் வாரத்தை ஒட்டித் தொடங்குவதே பயன் தரும் என்பதால், இந்த வாரமே கிளினிக் மருத்துவரிடம் பழைய பிரசவ விவரத்தைச் சொல்லிக் கேளுங்கள். 2017இல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில், அபாயம் மிகுந்த பெண்கள் இரவில் 150 மில்லிகிராம் எடுத்துக்கொண்டபோது, 37 வாரத்திற்கு முன் பிரசவிக்க நேரும் பிரீஎக்லாம்சியா 62 விழுக்காடு குறைந்தது. மருத்துவர் சொல்லாமல் நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

பதில் 2 (பிரிக்பீல்ட்ஸ்):
அக்கா, வீட்டிலும் அழுத்தத்தை அளந்து எழுதி வையுங்கள். கடும் தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, முகத்தில் திடீர் வீக்கம் ஆகியவற்றுள் எது வந்தாலும், அடுத்த பரிசோதனை நாள் வரை பொறுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.