துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மாடியில் உட்காருவது சுயநலமா?

மாடிப்படி:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு 43 வயது. மாமியார் பக்கவாதத்தில் படுத்து மூன்று வருடமாகிறது. வேலைக்கும் போகிறேன், இரண்டு பிள்ளைகள். சாயங்காலம் ‘துணி எடுத்து வருகிறேன்’ என்று சொல்லி மொட்டை மாடிக்குப் போவேன். துணி எடுக்க ஐந்து நிமிடம் போதும். நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். ஜெபம்கூடச் செய்வதில்லை, சும்மாதான். துணியே காயப்போடாத நாளிலும் போயிருக்கிறேன்!

சபையில் ஓர் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் பைபிளில் பிலிப்பியர் 2:4-ஐக் காட்டினார், தனக்கானதை அல்ல, பிறருக்கானதையே பார்க்க வேண்டும் என்று. அன்றிலிருந்து மாடியில் உட்கார்ந்தாலே எதையோ திருடுவதுபோல் இருக்கிறது.

சூரைச்செடி:
சகோதரி, அந்த வசனத்தை மறுபடி வாசியுங்கள். ‘பிறருக்கானவைகளையும்’ என்றுதான் இருக்கிறது. அந்த ‘உம்’மை அக்கா விட்டுவிட்டார்போல.

நானும் அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள். எனக்கு ஆறுதல் தந்தது 1 இராஜாக்கள் 19. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாக வேண்டும் என்கிறான். தேவதூதன் அவனைத் திட்டவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துக்கொண்டான், இரண்டாவது தடவையும் சாப்பாடுதான் வந்தது. ‘இங்கே உனக்கு என்ன காரியம்’ என்ற கேள்வி, நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான்.

பழைய வாலிபன்:
மகளே, நீ சுயநலக்காரி இல்லை. சுயநலக்காரன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும். அம்மா படுத்த படுக்கையாக இருந்த வருடங்களில் நான் உபவாசக் கூட்டம், வாலிபர் ஊழியம் என்று வெளியிலேயே இருந்தேன். முழுப் பாரமும் என் மனைவிமேல். மாற்கு 7-இல் கொர்பான் பற்றி இயேசு சொன்னது என்னைப்போன்ற ஆட்களுக்குத்தான்: தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிடுகிறவர்கள். உன் கேள்வியில் உன் கணவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

சூரைச்செடி:
ஐயா சொன்னதையே நானும் கேட்க நினைத்தேன். இன்னொன்று. மாற்கு 6:31-இல் சாப்பிடக்கூட நேரமில்லாத சீஷர்களை இயேசு இளைப்பாறக் கூப்பிடுகிறார், ஒளித்து மறைத்து இல்லை. ஆனால் கரை சேர்வதற்குள் ஜனங்கள் அங்கே போய் நிற்கிறார்கள். அவர் மனதுருகி, போதித்து, ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடும் கொடுக்கிறார். அப்புறம்? கூட்டத்தை அனுப்பிவிட்டு மலைக்குப் போகிறார். ஓய்வு தள்ளிப்போனது, ரத்தாகவில்லை. எனக்கென்னவோ, உங்களை உறுத்துவது அந்த அரை மணி இல்லை, துணி என்கிற சாக்குதான்.

மாடிப்படி:
ஐயா, அக்கா, நன்றி. இரண்டு நாள் யோசித்துவிட்டு நேற்று என் கணவரிடம் சொன்னேன். ‘துணிக்காகத்தான் போகிறாய் என்று நினைத்தேன்’ என்றார். (மூன்று வருடமாக!) தினமும் ஆறரையிலிருந்து ஏழு மணிவரை அம்மா பக்கத்தில் அவர் இருப்பதாகப் பேச்சு. எத்தனை நாளைக்கு என்று பார்க்கலாம்.

பிறகு மாமியாரிடமும் சொன்னேன். அவருக்கு இன்னும் பேச்சு குழறும். ‘கால் சத்தம் கேட்கும். கீழே வராமல் உட்கார்ந்திருப்பாய், தெரியும். போ’ என்றார். கையை விடாமல் பிடித்துக்கொண்டேதான் ‘போ’ என்றார், அதனால் நேற்று மாடிக்குப் போகவில்லை. இன்று போனேன்.