கடலடி லாகரில் லித்தியம் செல்: மீட்டர் 3.6 காட்டினால் அப்படியே விடலாமா?

பாறைமீன்:
மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை ஓரம், 5 மீட்டர் ஆழத்தில் கட்டியிருக்கும் லாகர்கள், அதாவது தானே அளந்து பதிவு செய்யும் கருவிகள். வெப்பநிலையும் கலங்கலும் பதிவாகின்றன. ஒவ்வொன்றிலும் டி சைஸ் லித்தியம் தயோனில் குளோரைடு செல் ஒன்று: 3.6 வோல்ட், 17 ஆம்பியர்-மணி. 10 நிமிடத்துக்கு ஒரு அளவீடு. 10 மாதம் ஓடியும் மீட்டரில் 3.6 நிற்கிறது. இன்னும் 6 மாதம் விடலாமா? மூடியில் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கும் நன்றாகத்தான் தெரிகிறது, அதையே போடலாமா? படகிலேயே மாற்றி இறக்கிவிட்டால் ஒரு நாள் டைவிங் செலவு மிச்சம்.

ஓம்விதி:
விட வேண்டாம். இந்த ரகச் செல் தீரும் தறுவாய் வரை 3.6-ஐத்தான் காட்டும், பிறகு சட்டென்று விழும். மீட்டரை நம்பாமல் கணக்குப் போடுங்கள். அளவீட்டின்போது 60 மில்லி ஆம்பியர் வீதம் 10 வினாடி ஓடுகிறது என்றால், 600 வினாடிக்குச் சராசரி 1 மில்லி ஆம்பியர். அளவீடுகளுக்கு இடையே உள்ள உறக்க நிலைக்கு 0.1 சேர்த்தால் 1.1. செல்லில் 70 சதவீதத்தை மட்டும் நம்பினால் 11.9 ஆம்பியர்-மணி, அதாவது சுமார் 450 நாள். நீங்கள் கேட்கும் 16 மாதம் அதைத் தாண்டிவிடுகிறது. உங்கள் கருவியின் மின்னோட்டத்தை அளந்து, இதே கணக்கில் போட்டுப் பாருங்கள்.

நெடுநாள் கிடந்த புதுச் செல்லில் லித்தியத்தின் மேல் ஒரு படலம் படிந்திருக்கும். அதோடு போட்டால் முதல் அளவீட்டிலேயே வோல்டேஜ் சரிந்து மின்சுற்றுப் போர்டு ரீசெட் ஆகும். 100 ஓம், கால் வாட் ரெசிஸ்டரைச் சில நிமிடம் செல்லின் இரு முனைக்கும் குறுக்கே வையுங்கள். வோல்டேஜ் முதலில் இறங்கி பிறகு ஏறி நின்றால் படலம் உடைந்துவிட்டது. இறங்கிக்கொண்டே போனால் அந்தச் செல்லை ஒதுக்கிவிடுங்கள். மிச்சம் எவ்வளவு என்பதை மட்டும் இந்தச் சோதனை சொல்லாது.

ஒரு எச்சரிக்கை: 1.5 வோல்ட் ஆல்கலைன் டி செல்லும் இதே அளவுதான். நான்கு ஆல்கலைன் போடும் கருவியில் 6 வோல்ட் வர வேண்டிய இடத்தில் நான்கு லித்தியம் செல்லைப் போட்டால் 14.4 வோல்ட் ஏறும்.

கொட்டலசு:
படகில் திறக்காதீர்கள். உப்புத் தெறிப்பு ஒரு காரணம், காற்றின் ஈரம் அதைவிடப் பெரிய காரணம். 30 டிகிரியில் 80 சதவீத ஈரக்காற்றை உள்ளே அடைத்தால் 26 டிகிரியிலேயே அது பனிக்கத் தொடங்கும், அடிநீர் குளிர்ந்த மாதங்களில் போர்டு மேலேயே. ஏசி அறையில், ஈரம் உறிஞ்சும் புது சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடுங்கள்.

மேலே வந்ததும் நன்னீரில் ஊறவைத்து, ஒட்டியிருக்கும் கொட்டலசை (ஓடுள்ள சிறு கடலுயிரி) பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள். மூடி உப்பியிருந்தாலோ கருவியின் உடல் சூடாக இருந்தாலோ தொடாமல் வெட்டவெளியில் தள்ளி வையுங்கள். நீர் புகுந்திருந்தால் உள்ளே ஹைட்ரஜன் சேர்ந்திருக்கும். தயோனில் குளோரைடில் நீர் பட்டால் கந்தக டை ஆக்சைடும் ஹைட்ரஜன் குளோரைடும் வரும், மூக்கை எரிக்கும் நெடி. நன்றாக இருக்கும் கருவியிலும் மூடியை முகத்துக்கு நேரே பிடிக்காமல், எதிரெதிர் திருகுகளை அரைச் சுற்றாகத் தளர்த்துவதே முறை.

செல்லை உருவுவதற்கு முன் டேட்டாவை இறக்குங்கள். கூடவே லாகரின் நேரத்தையும் ஜிபிஎஸ் நேரத்தையும் அருகருகே எழுதுங்கள். கடிகாரத்துக்குத் தனி பட்டன் செல் இல்லாத மாடலில், செல் வெளியே வந்த கணமே நேரம் அழிந்துவிடும், எத்தனை நிமிடம் பிந்தியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. இந்திய நேரமா உலக நேரமா என்பதையும் குறித்துவிடுங்கள். ஐந்தரை மணி நேரக் குழப்பம் ஒரு வருட டேட்டாவைக் கெடுக்கும்.

பாறைமீன்:
தெளிவாகிவிட்டது, அறைக்கே கொண்டுபோகிறேன். ஓ-ரிங்?

நைட்ரைல்:
புதிது போடுங்கள். பள்ளத்தில் ஒரு வருடம் நசுங்கிய வளையம் பார்க்க உருண்டையாகத் தெரிந்தாலும் முழுதாகத் திரும்பாது. உருட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பழையதைப் பிளாஸ்டிக் குச்சியால் எடுங்கள், ஊசி பட்டால் பள்ளத்தில் கீறல் விழும். நூலுதிராத துணியால் துடைத்து, நகத்தால் சுற்றித் தடவிப் பாருங்கள். ஒரு முடி போதும், அதுவே நீர்வழி.

சிலிகான் கிரீஸ் பளபளப்புத் தெரியும் அளவுக்கு மட்டும் போதும். கட்டியாக அப்பினால் மணலைப் பிடிக்கும். நைட்ரைல் ரப்பர் வளையத்துக்கு இது சரி, சிலிகான் ரப்பர் வளையத்துக்குப் போட்டால் அது ஊதிவிடும். கடைசியாக, போர்டும் செல்லும் இல்லாமல் டிஷ்யூ பேப்பரில் மைப்புள்ளி வைத்து உள்ளே போட்டு, ஒரு மணி நேரம் அதே ஆழத்தில் இறக்கிப் பாருங்கள். புள்ளி பரவியிருந்தால் கசிவு.

ஓம்விதி:
புதுச் செல்லை விமானத்தில் கையோடு கொண்டுபோக நினைக்காதீர்கள். உதிரிச் செல்லுக்கு வரம்பு 2 கிராம் லித்தியம், ஒரு டி செல்லில் அதைவிட இரு மடங்குக்கு மேல் இருக்கிறது. பழையதைச் சார்ஜில் போடாமல், முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிப்பில் கொடுங்கள்.