பஸ் முன்போர்டு: ஊர்ப்பேர் ஓடணுமா, நிக்கணுமா?

கிண்டிவாசி:
டவுன்பஸ் எல்.இ.டி போர்டுல ஊர்ப்பேரை ஓட விடவே கூடாதுங்கிறது என் கட்சி. கணக்குப் போட்டுப் பாருங்க. மணிக்கு 30 கிலோமீட்டர்ல வர்ற வண்டி நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல நெருங்குது. 40 மீட்டர்ல எழுத்து பிடிபட்டா, நம்ம கையில இருக்கிறது அஞ்சு நொடிகூட இல்லை. அதுக்குள்ள தமிழ் ஒரு தடவை, இங்கிலீஷ் ஒரு தடவை, நடுவுல "வழி" வேற. நிமிர்ந்து பாக்குறப்ப "...ரம் வழி சைதா..."ன்னு ஓடிட்டிருக்கும். கை காட்டலாமா வேணாமான்னு யோசிக்கிறதுக்குள்ள வண்டி தாண்டிடும். பழைய பெயிண்ட் போர்டே மேல்.

டிப்போ:
பெயிண்ட் போர்டு ராத்திரியில என்ன லட்சணம்னு மறந்துட்டீங்க போல. மேல இருக்கிற லைட் போயிடுச்சுன்னா கண்டக்டர் கூவினாத்தான் ஊர் தெரியும். காலையில ஒரு ரூட்ல போற வண்டி மத்தியானம் ஸ்பேரா வேற ரூட்டுக்குப் போகும். பலகையை மாத்த மறந்தா தப்பான ஊர்ப்பேரோட ஓடும். எல்.இ.டில பட்டனைத் தட்டினா வேலை முடிஞ்சுது. வழியில இருக்கிற ஊர் அத்தனையையும் நிக்க வெச்சு எழுத இடம் எங்க சார் இருக்கு?

எழுத்தாணி:
ஓடுறது பாதி வம்புதான். மீதி, எழுத்தோட உயரம். 16 வரிசை விளக்கு உள்ள போர்டுல இங்கிலீஷ் பெரிய எழுத்து (கேபிடல்) முழு உயரத்தையும் எடுத்துக்கும். தமிழுக்கு மேல "கி", "கீ"யோட வளைவும் புள்ளியும் வேணும், கீழ "கு", "மு"வோட வளைவு வேணும். நடு உடம்பு சுருங்கிப் போகுது. "செ"யையும் "சே"யையும் பிரிக்கிற சுழி அந்த அளவுல கரைஞ்சிடும். புள்ளிக்கு ஒரே ஒரு விளக்குதான்னா, அது அவிஞ்ச அன்னைக்கு "ம்" வெறும் "ம" ஆயிடும்.

அமெரிக்க சாலைப் பலகைக் கையேட்டில் 2009 பதிப்பு, 30 அடி தூரத்துக்கு ஒரு அங்குல எழுத்துன்னு சொல்லுது. 40 மீட்டருக்கு அதுவே நாலு அங்குலத்துக்கு மேல. அதுவும் ஆங்கில எழுத்துக்குப் போட்ட கணக்கு. தமிழுக்கு அதைவிடக் கூடுதலா வேணும்.

டிப்போ:
யாரும் எழுத்துக் கூட்டிப் படிச்சு ஏறுறதில்லை. நம்பரைப் பாத்துத்தான் ஏறுறாங்க.

மாலதி:
அது தினம் போற நமக்கு. வெளியூர்ல இருந்து ஆஸ்பத்திரிக்கு வர்ற பெரியவங்களுக்கு யாரோ ஊர்ப்பேரைத்தான் சொல்லி அனுப்பியிருப்பாங்க. அந்த நம்பர்லயே கட் சர்வீஸ் வந்தா நம்பரை நம்பி ஏறினவங்க பாதியில இறங்கணும். கடைசி ஸ்டாப் பேர் பெருசா, தமிழ்ல, அசையாம நிக்கணும். இதுல பேரத்துக்கே இடமில்லை.

எழுத்தாணி:
எதையும் வெச்சுப் பாத்து முடிவு பண்ணணும். பிரிட்டன்ல 1960-களின் தொடக்கத்தில் சாலைப் பலகை எழுத்துக்கு இதே மாதிரி சண்டை நடந்துது. வடிவமைப்பாளர்கள் ஜாக் கின்னியர், மார்கரெட் கால்வர்ட் இருவரும் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து வடிவமைச்சாங்க. எழுத்துக் கலைஞர் டேவிட் கிண்டர்ஸ்லி முழுக்கப் பெரிய எழுத்துதான் வேணும்னார். ஒரு விமான தளத்துல ஆட்களை உக்கார வெச்சு, பலகையைக் கார் மேல கட்டி அவங்களை நோக்கி ஓட்டிப் பாத்தாங்க. கிண்டர்ஸ்லியோட எழுத்து ஒரு துளி முந்துச்சு. வித்தியாசம் ரொம்பக் கம்மிங்கிறதால கலப்பு எழுத்தையே எடுத்துக்கிட்டாங்க. நம்ம டிப்போவுல ஒரு வண்டியை நிறுத்தி, கண்ணாடி போட்ட பெரியவங்களை நடக்க விட்டு, எங்க இருந்து படிக்க முடியுதுன்னு தரையில கோடு போட ஒரு காலைப்பொழுது போதும்.

டிப்போ:
சோதனைக்கு நான் தயார். உச்சி வெயில்லயும் ராத்திரியிலயும் ரெண்டு தடவை பாக்கணும், அப்பதான் நியாயம். நம்பரும் கடைசி ஸ்டாப்பும் நிக்கட்டும், ஒத்துக்கிறேன். "வழி" மட்டும் கீழ் வரிசையில ஓடும். பெயிண்டுக்குத் திரும்பிப் போற பேச்சே வேணாம்.

கிண்டிவாசி:
கீழ் வரிசை ஓடினா மேல் வரிசையோட உயரத்தைத்தானே அது தின்னும்? "வழி"யைப் படிக்கட்டுப் பக்கம் தனிப் பலகையில எழுதுங்க. ஏறுற நேரத்துல வண்டி நின்னுட்டுத்தான் இருக்கும்.