பொருள்: மறு: 'ஹை லைன்', 'லோ பிளாக்' – ஏறுகாப்பு, தாழ்காப்பு?

அனைவருக்கும் வணக்கம். நம் கால்பந்துச் சொற்பட்டியலுக்காக வந்த யோசனைக்கு இது மறுமொழி. தற்காப்பாளர்களின் பின்வரிசை தன் கோலை விட்டு நடுக்கோட்டை நோக்கி முன்னேறி நிற்பது 'ஹை லைன்'; அணி முழுக்கத் தன் கோலுக்கு அருகே பின்வாங்கி நெருக்கமாக நின்று காப்பது 'லோ பிளாக்'.

> ஹை லைன் = உயர் தற்காப்பு; 'ஏறுவரிசை' என்றும் சொல்லலாம்.

இரண்டிலும் எனக்குச் சிக்கல் தெரிகிறது. உயர்கல்வி, உயர்தரம் என்று பழகியவர்கள் 'உயர் தற்காப்பு' என்றால் தரமான தற்காப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள். 'ஏறுவரிசை' நல்ல சொல்தான். ஆனால் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது.

நான் முன்வைப்பது 'ஏறுகாப்பு'. எங்கள் கூடலூர்ப் பக்கம் மைதானங்களில் பின்வரிசைக்காரர்களைப் பார்த்து 'ஏறு, ஏறு' என்றுதான் கத்துகிறார்கள். மலையாளம் பேசும் பையன்கள் 'கேறு' என்பார்கள். நாடுகாணி தாண்டிச் சுரம் இறங்கினால் மலப்புரம், பந்து ஆர்வத்துக்குக் கேட்கவா வேண்டும்!

ஓர் ஆட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 2022 நவம்பர் 22, உலகக் கோப்பை, சவுதி அரேபியா–அர்ஜென்டினா. 36 ஆட்டங்களாகத் தோற்காத அணி அர்ஜென்டினா. பத்தாவது நிமிடத்திலேயே மெஸ்ஸி பெனால்ட்டியில் கோல் போட்டுவிட்டார். அப்போதும் சவுதி பின்வரிசை தன் கோல் முன்னுள்ள பெட்டிக்குள் ஒதுங்கவில்லை, நடுக்கோட்டை நோக்கி ஏறிக்கொண்டே இருந்தது. முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினா 7 முறை ஆஃப்சைடு (சக வீரர் பந்தைத் தரும் நொடியில் எதிரணிப் பின்வரிசையைத் தாண்டி நிற்கும் தவறு). 2018 உலகக் கோப்பை முழுவதிலும் அவர்களுக்கு 6தான். வலைக்குள் போன மூன்று பந்துகள் செல்லாமல் போயின. இடைவேளைக்குப் பின் ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு கோல், சவுதி 2–1.

பின்வரிசை ஏறினால் நடுக்களத்துக்கும் அதற்கும் உள்ள இடம் சுருங்கும், எதிரணி பந்தை வைத்துத் திரும்பவே இடமிருக்காது. ஆனால் முதுகுக்குப் பின்னால் பெரிய வெட்டவெளி. ஒருவர் அரை நொடி பிந்தினாலும் எதிரணி முழுக்க ஆஃப்சைடிலிருந்து தப்பிவிடும். கோல்கீப்பரும் பெட்டியை விட்டு வெளியே ஓடிவரத் தயாராக நிற்க வேண்டும். இந்த ஓயாத அசைவு 'உயர்' என்ற அடைமொழியில் இல்லை, 'ஏறு' என்ற வினையில் இருக்கிறது. 'சவுதி ஏறிக் காத்தது' என்று வர்ணனையிலும் இயல்பாக எழுதலாம்.

> அப்படியானால் லோ பிளாக் 'இறங்குகாப்பா'?

வேண்டாம் என்பேன். 'இறங்கி ஆடு' என்றால் நம் பேச்சில் துணிந்து ஆடு என்று பொருள், நேர் எதிராகிவிடும். 'தாழ்காப்பு' எனக்குப் பிடித்திருக்கிறது. தாழ்வாக நிற்பதும் அதில் இருக்கிறது, கதவைத் தாழிடுவதும் இருக்கிறது. 1960களில் ஹெலேனியோ ஹெரேராவின் இன்டர் மிலான் புகழ்பெறச் செய்த 'கட்டெனாச்சோ' என்ற இத்தாலியச் சொல்லுக்கும் பொருள் தாழ்ப்பாள்தான்.

அதே 2022இல் மொராக்கோவுக்கு எதிராக ஸ்பெயின் ஆயிரம் பாஸுக்கு மேல் போட்டும் 120 நிமிடத்தில் கோல் இல்லை, பெனால்ட்டி ஷூட்அவுட்டில் 0–3. ஜப்பானோ 18 விழுக்காட்டுக்கும் குறைவாகப் பந்தை வைத்துக்கொண்டு இதே ஸ்பெயினை 2–1 என்று வென்றது. இரண்டும் தாழ்காப்பு ஆட்டங்கள்.

ஆஃப்சைடை அப்படியே விட்டுவிடலாம், அது தமிழாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் 'மிட் பிளாக்'குக்கு 'இடைக்காப்பு' சரியாக வருமா? மாற்று யோசனை இருந்தால் எழுதுங்கள், மூன்றையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றுவோம்.