சிறுதானியத்துக்கு மாறினேன்: வயிறு நிறைகிறது, உடம்பு இறங்குகிறது

அஸ்தம்பட்டி மைனா:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலேஜ் இரண்டாம் வருஷம் ஹாஸ்டலில் இருந்தபோது சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பித்து, அது என் கையை மீறிப் போய், மாதவிலக்கு நின்று, முடி கொத்துக்கொத்தாகக் கொட்டி, அம்மா கண்டுபிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய், ஆள் தேறி வர இரண்டு வருஷம் ஆனது. இப்போது வயது 27. சேலத்திலேயே வேலை. இத்தனை நாள் நன்றாகத்தான் இருந்தேன்.

ஆபீசில் எல்லாரும் பாரம்பரிய உணவு என்று கிளம்பியபோது நானும் கிளம்பினேன். முதலில் மைதா போனது, அப்புறம் சர்க்கரை, அப்புறம் வெள்ளை அரிசி, கடைசியில் எண்ணெயும் போனது. காலையில் ஒரு சொம்பு கம்பங்கூழ், மதியம் தட்டு நிறைய காயும் கொஞ்சம் சாமைச் சோறும், ராத்திரி கொய்யாவோ பப்பாளியோ. சாப்பிட்டு எழுந்தால் வயிறு கல் மாதிரி இருக்கும், இன்னொரு வாய் இறங்காது. ஆனால் சுடிதார் லூசாகிவிட்டது. போன வாரம் அஞ்சு ரோடு சிக்னலில் வண்டியில் நிற்கும்போது கண் இருட்டிவிட்டது. அதைவிடப் பெரிய பயம், லூசான சுடிதாரைப் பார்த்து உள்ளே ஒருத்தி சந்தோஷப்பட்டாள். அவளை எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்தச் சாப்பாட்டை விடாமல் போதுமான அளவு எப்படிச் சாப்பிடுவது? கிலோ, கலோரி என்று எண் எதுவும் எழுதாதீர்கள், ப்ளீஸ். மனசில் ஒட்டிக்கொள்ளும்.

காப்பித்தோட்டத்து அக்கா:
கண்ணு, நீ குடிக்கிற கூழில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு சொம்புக்குள் எத்தனை பிடி கம்பு மாவு போகிறது என்று கரைக்கிறபோது பார், அவ்வளவுதான் உன் காலைச் சாப்பாடு. காயும் அப்படித்தான், சுரைக்காய், பூசணி, கீரை எல்லாம் நீரும் நாரும். வயிற்றை அடைக்கும், தெம்பு தராது. நல்ல சாப்பாடுதான், ஆனால் அது மட்டும் என்றால் பட்டினியை நிறைந்த தட்டில் போட்டுச் சாப்பிடுகிற மாதிரி.

நான் ஏற்காட்டில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் கூழ் என்றால் கெட்டித் தயிர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம், மோர் மிளகாய், பக்கத்தில் ஒரு பிடி வறுத்த கடலை. கடலையில் பாதிக்குப் பாதி எண்ணெய், அதுவும் இயற்கைதானே? எள்ளுருண்டை, தேங்காய், செக்கு நல்லெண்ணெய், முட்டை, இங்கே கிடைக்கிற வெண்ணெய்ப் பழம் (அவகாடோ), எதுவும் பாக்கெட்டில் வருவதில்லை. எண்ணெயை ஏன் விட்டாய்? அதை யாரும் விடச் சொல்லவில்லையே. இட்லிப் பொடிக்கு இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் தாராளமாகக் குழைத்துக்கொள், பருப்பில் நெய் விடு. சாமைச் சோற்றைக் கூட்டு, காயைக் கொஞ்சம் குறை. பழத்தைச் சாப்பாட்டுக்குப் பதிலாக வைக்காதே, சாப்பாட்டுக்கு அப்புறம் வை.

சூரமங்கலத்தான்:
எங்கள் பாட்டி கூழ் குடித்தே நன்றாக இருந்தார், நாள் முழுக்கக் காட்டில் வேலை செய்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் எல்லாவற்றையும் பிரச்சினை ஆக்குகிறார்கள்.

காப்பித்தோட்டத்து அக்கா:
தம்பி, உங்கள் பாட்டி கூழோடு நிறுத்தியிருக்க மாட்டார். மதியம் களி உருண்டை எந்த சைஸ் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். மடியில் கடலையும் வெல்லமும் முடிந்துகொண்டுதான் காட்டுக்குப் போவார்கள். மைனா, இதைப் படித்து மனசு நோகாதே.

ராத்திரி டூட்டி:
நர்ஸாக இருக்கிறேன், மனநல வார்டில் சில வருஷம் பார்த்திருக்கிறேன். தங்கச்சி, முதலில் அந்தக் கண் இருட்டல். அதற்கு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், இசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட், சர்க்கரை எல்லாம் பார்க்கச் சொல்வார்கள். பழைய கதையை மறைக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் “ரத்தசோகைம்மா, டானிக் குடி” என்று அனுப்பிவிடுவார்கள். நாள் கணக்கில் மிகவும் குறைவாகச் சாப்பிட்டிருந்தால் ஒரேயடியாக ஏற்றவும் கூடாது, அப்போது இந்த உப்புகள் சட்டென்று இறங்கி இதயத்தைப் பாதிக்கும். டாக்டர் சொல்கிறபடி ஏற்றுங்கள். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, கால் வீங்கினாலோ காத்திருக்க வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

வயிறு கல் மாதிரி இருப்பது நீங்கள் அதிகம் சாப்பிட்டதால் என்று நினைக்காதீர்கள். குறைவாகச் சாப்பிட்டுப் பழகினால் இரைப்பையே மெதுவாகத்தான் காலியாகும், அதன் மேல் இவ்வளவு நாரைப் போட்டால் இன்னும் மந்தம். அதனால் இப்போதைக்குப் பசியையும் நிறைவையும் நம்ப முடியாது, கடிகாரத்தை நம்புங்கள். மூன்று வேளை, நடுவில் இரண்டு மூன்று சிற்றுண்டி, பசித்தாலும் பசிக்காவிட்டாலும்.

1944-45இல் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப் பட்டினி போட்டு ஆராய்ந்தார். மனசளவில் திடமானவர்கள் என்று பார்த்துப் பொறுக்கிய ஆட்கள். அவர்களே சமையல் புத்தகமாகச் சேர்க்க ஆரம்பித்தார்கள், தட்டை நக்கினார்கள், சோர்ந்து போனார்கள். மறுபடி சாப்பாடு கொடுத்த பிறகும் பசி உடனே ஒழுங்குக்கு வரவில்லை. பட்டினியே மூளையை அப்படி ஆக்கிவிடும், உங்கள் குணத்தில் கோளாறு இல்லை.

இன்னொன்று, கசப்பாக இருந்தால் மன்னியுங்கள். மைதா, சர்க்கரை, அரிசி, எண்ணெய் என்று நீங்கள் சொன்ன வரிசையைத் திரும்பப் படியுங்கள். ஆரோக்கியம் என்ற பெயரில் இப்படி ஒவ்வொன்றாகக் கழிவதற்கு 1997இல் ஸ்டீவன் பிராட்மன் என்ற மருத்துவர் ஆர்த்தோரெக்சியா என்று பெயரே வைத்தார். “இதை விடாமல் எப்படி” என்று கேட்டீர்கள். கொஞ்ச நாளைக்கு விட்டால்தான் என்ன? ஜவ்வரிசியை ஊருக்கெல்லாம் அனுப்புகிற சேலத்தில் இருந்துகொண்டு ஒரு கிண்ணம் பாயசத்துக்குப் பயப்படுவது நியாயமா, சொல்லுங்கள்.

முன்பு பார்த்த டாக்டர் கிடைத்தால் அவரிடமே போங்கள். இல்லாவிட்டால் நம்ம ஊர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரி மனசு தாறுமாறாக ஓடினால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, காசு இல்லை, தமிழில் பேசலாம்.

அஸ்தம்பட்டி மைனா:
நர்ஸ் அக்கா, அந்த வரிசையைத் திரும்பப் படித்தேன். அழுகை வந்துவிட்டது. ஆனால் நீங்கள் சொன்னது சரிதான்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன், எதுவும் பேசாமல் வாணலியை எடுத்து வைத்துக் கடலை வறுக்கப் போய்விட்டார்கள். வியாழக்கிழமை பழைய டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் கிடைத்திருக்கிறது. நேற்று ஆபீஸ் முடிந்து தோழியோடு தட்டுவடை செட் சாப்பிட்டேன். பீட்ரூட் துருவல் கையெல்லாம் சிவப்பு. முதல் வாய்க்குக் கை நடுங்கியது, ஒரு செட்டை முடிக்க இருபது நிமிஷம் ஆனது, தோழி பாட்டுக்கு அவள் மேனேஜரைத் திட்டிக்கொண்டிருந்தாள், அதுவே உதவியாக இருந்தது. ராத்திரி படுத்த பிறகு உள்ளே இருக்கிறவள் கணக்குப் பார்க்க வந்தாள், தூக்கம் வரவில்லை. அதையும் டாக்டரிடம் சொல்கிறேன்.

காப்பித்தோட்டத்து அக்கா, உழவர் சந்தையில் வெண்ணெய்ப் பழம் வாங்கினேன், கல்லாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

காப்பித்தோட்டத்து அக்கா:
இல்லை கண்ணு, அது மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். அரிசிப் பானைக்குள் புதைத்து வை, சில நாளில் காம்புப் பக்கம் அமுக்கினால் லேசாக இறங்கும். பாலும் நாட்டுச் சர்க்கரையும் போட்டு அடித்துக் குடி. நாட்டுச் சர்க்கரை இல்லாவிட்டால் வெள்ளைச் சர்க்கரையே போடு, ஒன்றும் ஆகாது.

அரிசிப் பானை இன்னும் வீட்டில் இருக்கிறதல்லவா?

அஸ்தம்பட்டி மைனா:
இருக்கிறது அக்கா. இன்றைக்கு அதிலிருந்துதான் உலை வைத்தோம்.