‘டினையலிசம்’: வெள்ளிக்குள் ஒரு சொல் தேவை

தாமரை:
அன்பர்களுக்கு வணக்கம். பொதுச் சுகாதாரப் பாடநூல் ஒன்றில் ஓர் இயலைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘எய்ட்ஸ் டினையலிசம்’ (denialism: சான்று இருந்தும் ஏற்க மறுப்பது) என்ற இடத்தில் இரண்டு நாளாக நகரவில்லை.

சூழல் தென்னாப்பிரிக்கா. அப்போதைய அதிபர் தாபோ உம்பெக்கி, எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி.தான் காரணமா என்றே கேள்வி எழுப்பினார். 2000இல் அவர் அமைத்த ஆலோசனைக் குழுவில், அந்தக் கிருமியால் எய்ட்ஸ் வராது என்று வாதிட்ட பீட்டர் டியூஸ்பெர்க்கும் இருந்தார். பிரசவ நேரத்தில் தாய்க்கு ஒரு வேளை நெவிரபின் என்ற மருந்து, பிறந்த பிள்ளைக்கு ஒரு வேளை. அவ்வளவிலேயே தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவது ஏறத்தாழப் பாதியாகக் குறையும். தயாரித்த நிறுவனம் ஐந்தாண்டுக்கு இலவசமாகவே தர முன்வந்தது. அரசோ மாகாணத்துக்கு இரண்டு இடத்தில் மட்டும் கொடுத்துப் பார்ப்போம் என்றது. சிகிச்சைக்காகப் போராடிய இயக்கத்தார் வழக்குப் போட்டு, 2002 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்ன பிறகே வழி திறந்தது. இதற்கு வெறும் ‘மறுப்பு’ போதுமா?

வேலாயுதம்:
மறுப்புவாதம். ஐந்து நிமிட வேலை.

நசீமா:
வேலாயுதம் ஐயா, நான் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். பக்கவாதம், முடக்குவாதம், இளம்பிள்ளைவாதம் என்று அடுக்கிப் படித்து வரும் மாணவன் ‘எய்ட்ஸ் மறுப்புவாதம்’ என்றால் கை கால் விளங்காமல் போகும் என்று விடைத்தாளில் எழுதிவிடுவான்.

புலவர் சொக்கலிங்கம்:
அம்மையார் நகைத்தாலும் அதில் பொருளுண்டு. காற்றைக் குறிக்கும் வாதம் வேறு, சொல்லாடலைக் குறிக்கும் வாதம் வேறு. வடமொழியில் இரண்டுக்கும் எழுத்து வேறு. நம் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. இரவல் சட்டை போட்டால் இப்படித்தான். வள்ளுவர் வாசலுக்குப் போவோம்: “உலகத்தார் உண்டென்பது இல்லென்பான் வையத்து அலகையா வைக்கப் படும்.” புல்லறிவாண்மை அதிகாரம். ஆகவே ‘இல்லென்பு’ என்பது என் முன்மொழிவு. அதை விடவும் அழகு ‘இன்மையியம்’. இன்மைக்கு இல்லாமை என்றும் பொருள், வறுமை என்றும் பொருள். “இன்மையின் இன்னாதது யாதெனின்” நினைவிருக்கும். 2000இல் டர்பனில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டில் உம்பெக்கி வறுமையைத்தானே பெருங்கொலையாளி என்றார்? கிருமியின் இன்மையும் பொருளின் இன்மையும் ஒரே சொல்லில்! தொல்காப்பியத்தில் இன்மை பற்றி…

(நான்கு பத்திகளை வெட்டியிருக்கிறேன். விரும்புவோர் தனிமடலில் கேட்கவும். – மட்டுறுத்துநர்)

நசீமா:
இல்லென்பு என்றால் எலும்பு இல்லாதது என்றல்லவா படிக்கிறது? என்பிலதனை வெயில் காய்ந்தது போல ஆகிவிடும்.

சிவா, ரொறன்ரோ:
2006 எய்ட்ஸ் மாநாடு எங்கட ஊரிலதான் நடந்தது. தென்னாப்பிரிக்க அரங்கில பூண்டும் எலுமிச்சையும் பீற்றூட்டும் வச்சிருந்தவை. சுகாதார அமைச்சர் மான்டோ ட்சபலாலா உம்சிமாங்கின்ர பத்தியம் அது. வேதாகமத்தில ‘மறுதலித்தல்’ எண்டு நல்ல சொல் இருக்கே? சேவல் கூவ முன்னம் பேதுரு மூன்று தரம் மறுதலிச்சவர். மறுதலிப்பியம் எண்டு வையுங்கோ.

பாலு:
பேதுருவுக்கு உண்மை தெரியும். தெரிந்தே மறுதலித்தார், பிறகு மனங்கசந்து அழுதார். வள்ளுவர் சொல்வதோ அறியாமையால் இல்லை என்பவனை. உம்பெக்கி எந்தக் கணக்கு?

என் சிக்கல் வேறு. தமிழில் ‘மறுப்பு’ நல்ல பெயர் வாங்கிய சொல். கடவுள் மறுப்பு, சாதி மறுப்புத் திருமணம். எதிர்த்து நிற்கும் துணிவின் வாசனை அதில் ஏறிவிட்டது. ‘எய்ட்ஸ் மறுப்பாளர்’ என்று எழுதினால் உம்பெக்கிக்கு நாமே மாலை போட்டதாகும். அந்தக் கூட்டம் தங்களை ‘மாற்றுக் கருத்தாளர்’ என்றுதான் அழைத்துக்கொண்டது. புலவரின் குறளும் உதவாது. உலகத்தார் எல்லாரும் உண்டென்பதை ஒருவன் இல்லையென்றால் பேய் என்றால், கலிலியோவும் பேய்தான். எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி.தான் காரணம் என்ற டர்பன் பிரகடனத்தில் 5,000க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். அந்தத் தலையெண்ணிக்கையால் அது உண்மையாகவில்லை, சான்றால் ஆனது. சான்று வந்த பிறகும் அசையாததற்கு நம் வீடுகளில் ஒரு சொல் இருக்கிறது: “இல்லைன்னு சாதிக்கிறான்.”

வேலாயுதம்:
‘எய்ட்ஸ் சாதிப்பு’ என்று தலைப்பு வைத்தால் விருது வாங்கினார் என்று நினைப்பார்கள். அல்லது வேறு ‘சாதி’.

புலவர் சொக்கலிங்கம்:
கலிலியோ குறித்துப் பரிமேலழகர் வழிநின்று தனி மடல் எழுதுகிறேன். தமிழில் வேர் இருக்க வாதத்தைப் பிடித்துத் தொங்குவது முறையன்று.

நசீமா:
ஐயா, புரியாத தூய சொல்லை விடப் புரிகிற கலப்புச் சொல் மேல். ஒன்று மட்டும். நம் அண்டை வீட்டுக்காரர் கிருமி இல்லை என்றால் அது அவர் பாடு. அதிபர் சொன்னால் மருந்து வராது. 2000 முதல் 2005 வரை இந்தத் தாமதத்தால் 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, 35,000 குழந்தைகளுக்குத் தொற்றியது என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் மதிப்பிட்டார்கள். பக்கத்து போட்ஸ்வானாவும் நமீபியாவும் மருந்து கொடுத்த வேகத்தோடு ஒப்பிட்டுப் போட்ட கணக்கு அது. சொல்லில் அந்தக் கனம் ஏறுமா?

சிவா, ரொறன்ரோ:
ஒரு சொல்லில எவ்வளவத்தை ஏத்துறது, அக்கா? மிச்சத்தைப் பந்தியில எழுதலாம்தானே.

தாமரை (வியாழன் இரவு):
எல்லாருக்கும் நன்றி. தலைப்பில் ‘சான்று மறுப்புவாதம்’ என்று வைத்துவிட்டேன். ‘சான்று’ சேர்ந்ததால் பாலு சொன்ன மாலை விழாது என்று நினைக்கிறேன். உள்ளே இரண்டு இடத்தில் ‘இல்லையென்று சாதித்தல்’ வருகிறது. ஆதரவு ஐந்து, எதிர்ப்பு ஒன்று, எட்டுப் பேர் பதிலே போடவில்லை.

புலவர் சொக்கலிங்கம்:
எதிர்ப்பு ஒன்று என்பதைப் பதிவேட்டில் பெயரோடு குறிக்கவும். அடுத்த பதிப்பு எப்போது?